துடைப்பத்துக்குப் பின்னால் வந்தவர்

நாற்பத்தைந்தைத் தாண்டிய மனுஷனுக்கு ஏதாவது ஒரு பைத்தியம் பிடிக்காமல் போகாது. சிலருக்கு மனை வாங்கும் பைத்தியம். சிலருக்குக் காலையில் அரை மணி நேரம் நடந்துவிட்டு, அதைப் பற்றி மிச்ச நாள் முழுக்கப் பேசும் பைத்தியம். பல்செட்டுக்காரருக்குப் பிடித்தது மலை சைக்கிள். மலையில் ஏறுவதற்கென்று அரசாங்கம் அழகாக ரோடு போட்டு வைத்திருக்கிறது. அதை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருக்கிற கல்லிலும் முள்ளிலும் விழுந்து எழுந்து போவதற்குப் பெயர்தான் மலை சைக்கிள். அதையே விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை விடாமல் மிதித்தால் அது தாக்குப்பிடிக்கும் பந்தயம். வீட்டிலும் வேலையிலும் ஓசியில் தாக்குப்பிடித்தது போதாதென்று, கட்டணம் கட்டி வேறு தாக்குப்பிடிக்கிறார்கள்.

அவர் பல்செட் செய்கிறவர். பல் டாக்டர் இல்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வார். டாக்டர் முன்னறையில் ஏசி போட்டுக்கொண்டு வாயைத் திறக்கச் சொல்வார். பின்னறையில், ஜன்னல் இல்லாத இடத்தில், டியூப் லைட்டுக்குக் கீழே நம்மவர் உட்கார்ந்திருப்பார். நோயாளியின் வாயில் எடுத்த அச்சு ஒரு தட்டில் வரும். அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, காய்ந்ததும் பெயர்த்தெடுத்து, மெழுகில் ஈறு பிடித்து, பல்லை ஒவ்வொன்றாக நட்டு, வேகவைத்து, தேய்த்து, மெருகேற்றி அனுப்புவார். மறுநாள் அது திரும்பி வரும்.

"இடது பக்கம் கொஞ்சம் தட்டுதாம். தேய்ச்சுக் குடுங்க."

தேய்த்துக் கொடுப்பார். அதற்கு மறுநாள், "இப்ப வலது பக்கம் தட்டுதாம்."

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதே கதைதான். அவர் செய்த பல்லை மாட்டிக்கொண்டு ஊரே மென்று தின்கிறது, சிரிக்கிறது, பெண்டாட்டியைத் திட்டுகிறது. நல்லா இருக்கு என்று சொல்ல ஒருத்தர் பின்னறைப் பக்கம் வந்ததில்லை. குறை மட்டும் வழி தவறாமல் வந்து சேர்ந்துவிடும்.

இந்த மனுஷனை ஒரு நண்பர், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊருக்கு வெளியே இருக்கும் மலைக்கு இழுத்துப் போய், ஒரு வாடகை சைக்கிளைக் கொடுத்து, மேலேயிருந்து கீழே விட்டார். பிரேக்கைப் பிடிக்கத் தெரியாமல், பாதி வழி காலை அகட்டிக்கொண்டு, அம்மா அம்மா என்று கத்திக்கொண்டே இறங்கினார். கீழே வந்து நின்றபோது சிரித்துக்கொண்டிருந்தார். நிறுத்த முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அத்தனை வருஷத்தில் அவர் செய்த ஒரு காரியத்தைப் பார்த்து, 'கொஞ்சம் தேய்ச்சுக் குடுங்க' என்று யாரும் சொல்லாத முதல் இடம் அது. அதுதான் விஷயம். உடம்பு, ஆரோக்கியம், கொழுப்பு என்று அவர் வெளியே சொல்வதெல்லாம் சும்மா.

அப்புறம் சொந்தமாக ஒன்று வாங்கினார். பச்சை நிறம், தடித்த டயர். மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. கீழே வைத்தால் திருட்டுப் போகும், வராந்தாவில் வைத்தால் எதிர்வீட்டுக்காரி சண்டைக்கு வருவாள். அதனால் சைக்கிள் படுக்கையறையில், பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் குடியேறியது. அவருடைய மனைவி கட்டிலை விட்டு இறங்குகிற ஒவ்வொரு முறையும் பெடல் அவளுடைய முழங்காலுக்குக் கீழே ஒரு இடி இடிக்கும். அந்த இடம் எப்போதும் கருநீலமாகவே இருந்தது.

மனைவி மின்சார வாரியத்தில் புகார் வாங்கும் பிரிவில் இருக்கிறாள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், கரண்டு போன ஊர் முழுக்க அவளைத் திட்டும். அவள் குரலை உயர்த்தாமல், "என்ன நடந்ததுன்னு வரிசையா சொல்லுங்க சார்" என்பாள். எப்பேர்ப்பட்ட கொம்பனும் அந்தக் குரலுக்கு அடங்கிப்போய் வரிசையாகச் சொல்லிவிடுவான். அவளுக்கு இருந்த பொறுமை முழுவதையும் வாரியமே வாங்கிக்கொண்டுவிடும். வீட்டுக்கு வரும்போது கையில் ஒன்றும் மிச்சமிருக்காது.

ஆனாலும் சைக்கிளை அவளாக வெளியே போகச் சொல்லவில்லை. சொன்னது அவளுடைய அண்ணன்.

இந்த அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் பல்செட்டுக்காரரின் வாழ்க்கையைச் சொல்ல முடியாது. அவர் டிரைவிங் லைசென்ஸ் கொடுக்கிற அலுவலகத்தில் இன்ஸ்பெக்டர். வண்டி ஓட்டுகிறவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் செய்கிற தப்புகளுக்கெல்லாம் நாக்கால் "ப்ச்" என்று ஒரு சத்தம் கொடுப்பார். மூன்று ப்ச் ஆனால் ஃபெயில். பழக்க தோஷம், வீட்டிலும் விடமாட்டார். காபி ஆறியிருந்தால் ப்ச், கதவு கிறீச்சிட்டால் ப்ச். கெட்டவர் என்று சொல்ல வாய் வராது. ஆபத்து அவசரத்துக்கு முதலில் வந்து நிற்பவர் அவர்தான். பிரச்சினை என்னவென்றால், வந்து நின்றால் போகமாட்டார். தங்கை படிக்கும்போது அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். வேலைக்கு இன்டர்வியூ போனபோது வாசல்வரை பின்னாலேயே போனார். கல்யாணப் பேச்சிலும் அவர்தான் முன்னால் பேசினார், பின்னால் நின்று நடத்தினார். "நான் பின்னாடி இருக்கேன், கவலைப்படாதே" என்பது அவர் வாயில் எப்போதும் தயாராக இருக்கும் வாக்கியம். தங்கைக்கு அண்ணன் சொன்னால் வேதம். எதிர்த்து ஒரு வார்த்தை அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

பல்செட்டுக்காரர் செய்த பெரிய மடத்தனம், ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் மலையைப் பற்றி வாயைத் திறந்தது. "என்ன மாப்பிள்ளை, தனியாவா போறீங்க? ஏதாவது ஆச்சுன்னா?" என்றார் மச்சான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கிளப்பில் அவரும் நின்றார். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். இரண்டே மாதத்தில் மச்சான் கமிட்டி உறுப்பினர். அதற்கடுத்த மாதம் அவர்தான் துடைப்பம்.

துடைப்பம் என்பது திட்டு இல்லை, பதவி. காட்டுப் பாதையில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று காட்டுவதற்கு மரக்கிளைகளில் ஆரஞ்சு ரிப்பன் கட்டி வைப்பார்கள். பந்தயத்தில் எல்லோருக்கும் பின்னால், கடைசி ஆளுக்கும் பின்னால், ஒருத்தர் வருவார். யாராவது விழுந்து கிடந்தால் தூக்குவது, வழியில் கட்டிய ரிப்பன்களை அவிழ்த்துக்கொண்டே வருவது, இரண்டும் அவர் வேலை. கடைசி ஆளை அவர் தாண்டக் கூடாது. அவர் எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டால் காட்டில் யாரும் இல்லை என்று அர்த்தம். அவரைத்தான் துடைப்பம் என்பார்கள். மச்சானுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரு வேலை. அதற்கு ஒளிரும் மஞ்சள் சட்டை வேறு கொடுத்தார்கள்.

பல்செட்டுக்காரர் அதற்கு முன்பு இரண்டு பந்தயம் போயிருந்தார், இரண்டையும் முடிக்கவில்லை. முதலாவதில் செயின் அறுந்தது. இரண்டாவதில் தொடை பிடித்துக்கொண்டு, சாமான் ஏற்றும் வேனில், தண்ணீர் கேன்களுக்கு நடுவில் படுத்துக்கொண்டு திரும்பி வந்தார். அன்று மாலை மச்சான் தங்கையின் காலில் இருந்த கருநீலத்தைப் பார்த்தார். "ப்ச்" என்றார்.

"மாப்பிள்ளை, நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. வயசாயிடுச்சு. வீட்டிலேயும் இடமில்லை. இன்னும் ஒரே ஒரு தடவை போங்க. முடிச்சுட்டீங்கன்னா சைக்கிள் இங்கேயே இருக்கட்டும், யாரும் கேக்கமாட்டோம். முடிக்கலைன்னா அதை என் வீட்டுல கொண்டுபோய் வச்சுக்கறேன். என் சைக்கிளும் பழசாயிடுச்சு. என்னம்மா சொல்றே?"

"அண்ணன் சொல்றது சரிதான்" என்றாள் மனைவி, காலைத் தடவிக்கொண்டே.

பல்செட்டுக்காரர் தலையாட்டினார். வேறென்ன செய்வார்? மச்சானின் கண் முதல் நாளே அந்தப் பச்சை சைக்கிள் மேல் விழுந்துவிட்டது என்பது அவருக்குத் தெரியும். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. சைக்கிள் போய்விட்டால் மிச்சமிருப்பது டியூப் லைட்டும் தட்டுவதும் தேய்ப்பதும்தான் என்று நினைத்துத் தட்டைத் தள்ளி வைத்தார்.

பந்தய நாள் வந்தது. மலையடிவாரத்தில் ஒரு மைதானம். காற்று ஊதி நிறுத்திய பெரிய சிவப்பு வளைவு. அதற்குக் கீழே நின்ற கூட்டத்தைப் பார்க்க இரண்டு கண் போதாது. எல்லோரும் உத்தியோகத்தில் இருப்பவர்கள், வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து தேய்ந்தவர்கள். உடம்போடு ஒட்டிய சட்டை, உள்ளே மூச்சைப் பிடித்து அடக்கிய தொந்தி. ஒருத்தர் சைக்கிள் எடையில் கால் கிலோ குறைய வேண்டும் என்று வெளிநாட்டிலிருந்து சீட்டு வரவழைத்திருந்தார். அந்தக் கால் கிலோவை அன்று காலை டிபனிலேயே திரும்ப ஏற்றிவிட்டார் என்பது வேறு கதை. சட்டை முதுகில் எல்லோருக்கும் 'இயற்கையை நேசிப்போம்' என்று அச்சடித்திருந்தது. எல்லோர் பாக்கெட்டிலும் சின்னச் சின்ன வெள்ளிப் பாக்கெட்டுகள். பல்லால் கிழித்து உறிஞ்சினால் தெம்பு வரும் என்று சொல்லி விற்கிற, இனிப்பான ஒரு கோந்து.

மனைவியும் வந்திருந்தாள். முதல் தடவை. அண்ணன்தான் காரில் கூட்டி வந்தார், சாட்சிக்கு. அவள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு நிழலில் உட்கார்ந்தாள்.

"பாத்துப் போங்க" என்றாள்.

"முடிச்சுடுவேன்" என்றார் அவர்.

"முடிக்கிறதை விடுங்க. விழாம வாங்க."

பந்தயத்தை நடத்துகிறவர் சைக்கிள் கடைக்காரர். விசில் மாதிரி ஒரு குரல் அவருக்கு. "ஆறு மணிக்குள்ள இந்த வளைவுக்குள்ள வந்துடணும்! துடைப்பம் வந்துட்டா கதை முடிஞ்சது!" என்று கத்தினார். எல்லோரும் பாய்ந்தார்கள். முதல் ஏற்றத்திலேயே பாதிப் பேர் இறங்கித் தள்ளினார்கள். தள்ளும்போதும் முகத்தைப் பந்தய முகமாகவே வைத்துக்கொண்டார்கள், ஏற்றத்துத் திருப்பத்தில் போட்டோகிராபர் நின்றிருந்தார்.

மத்தியானம்வரை பல்செட்டுக்காரர் நன்றாகத்தான் போனார். தண்ணீர் கொடுக்கும் இடத்தில் இரண்டு வாழைப்பழம் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகுதான் அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக அவரைத் தாண்டினார்கள். கடைசி ஆளும் தாண்டியபோது பின்னால் யாரும் இல்லை என்ற நிம்மதி ஒரு நிமிஷம் வந்தது. மறு நிமிஷம் சரசரவென்று ரிப்பன் அவிழ்க்கும் சத்தம் கேட்டது.

"ப்ச்."

திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

"அவசரப்படாதீங்க மாப்பிள்ளை. நான் பின்னாடிதான் இருக்கேன்."

அப்புறம் ஆரம்பித்தது. கியரை லேட்டாக மாற்றுகிறீர்கள். முழங்கை விறைப்பாக இருக்கிறது. கல்லைப் பார்க்காதீர்கள், வழியைப் பாருங்கள். சீட்டு அரை விரல் உயரம், நான் அப்பவே சொன்னேன். மூச்சை வாயால் விடக் கூடாது. தொடை இழுக்குதா? இழுக்கும், இழுக்கும். ஏற்றத்தில் பேச்சு, இறக்கத்தில் பேச்சு, ஓடையைத் தாண்டும்போதும் பேச்சு. வாய்க்கு மட்டும் ஏற்றம் இறக்கம் கிடையாது. பல்செட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். கால் வலியைக் கூட அவர் பொறுத்துக்கொண்டார். காது வலிக்குத்தான் மருந்தில்லை.

"இப்படியே போனா ஆறு மணிக்குள்ள முடியறது கஷ்டம்தான்" என்றார் மச்சான். "பரவாயில்லை. சைக்கிளை நான் நல்லபடியா பாத்துக்கறேன். வாரம் ஒரு தடவை நீங்க வந்து பாக்கலாம்."

அந்த வார்த்தைதான் அவர் தலைக்குள் எதையோ திருகிவிட்டது.

சற்றுத் தூரத்தில் ஒரு ரிப்பனை யாரோ எட்டாத உயரத்தில் கட்டித் தொலைத்திருந்தார்கள். மச்சான் இறங்கி, சைக்கிளைச் சாய்த்துவிட்டு, எம்பி எம்பிக் குதித்துக்கொண்டிருந்தார். முன்னால் பாதை வளைந்தது. வளைவைத் தாண்டியதும் இடது பக்கம் ஒரு பெரிய புதர், அடர்த்தியாக, ஆள் உயரத்துக்கு. பல்செட்டுக்காரர் யோசிக்கவே இல்லை. சைக்கிளோடு உள்ளே புகுந்து, முள் கிழிக்கக் கிழிக்க, சைக்கிளைப் படுக்கவைத்து, தானும் பக்கத்தில் குந்திக்கொண்டார். பந்தய எண் எழுதிய சட்டையோடு, தலையில் ஹெல்மெட்டோடு, ஒரு பொறுப்புள்ள குடும்பஸ்தர் புதருக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மச்சான் வந்தார். "நல்லா மிதிங்க மாப்பிள்ளை, இடது பக்கம் பள்ளம் பாத்து" என்று யாருமில்லாத பாதையிடம் சொல்லிக்கொண்டே வளைவைத் தாண்டினார். அப்புறம் நிமிர்ந்து பார்த்தார். முன்னால் காலிப் பாதை.

"அட, வேகம் எடுத்துட்டாரே!" என்றார். குரலில் சந்தோஷம் இல்லை. மச்சானை மாப்பிள்ளை முந்துவதா? எழுந்து நின்று மிதித்தார். மஞ்சள் சட்டை மரங்களுக்கு நடுவில் குறுகிக் குறுகி மறைந்தது.

அப்பாடா! கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு அமைதியை அவர் கேட்டதில்லை. ஏதோ ஒரு பூச்சி மட்டும் ரீங்காரமிட்டது, அதுவும் அவரைக் குறை சொல்லவில்லை. ஒரு வாழைப்பழத்தை உரித்து, அவசரமில்லாமல், கடைசிவரை மென்று சாப்பிட்டார். இன்னொன்றையும் சாப்பிட்டார். திட்டம் தானாக உருவானது. மச்சான் முன்னால் போகட்டும், பறக்கட்டும். நாம் பின்னால், நமக்குப் பிடித்த வேகத்தில், ப்ச் இல்லாமல் போவோம். ஆறு மணிக்குள் வளைவுக்குள் நுழைந்தால் போதும். அடடா, என்ன மூளை என்று தன்னையே மெச்சிக்கொண்டார்.

மூளை இருந்தது வாஸ்தவம்தான். ஆனால் துடைப்பம் முன்னால் போனால் ரிப்பனையும் துடைத்துக்கொண்டுதான் போகும் என்கிற எளிய சங்கதி அந்த மூளையில் ஏறவில்லை. முதல் பிரிவில் பாதை மூன்றாகக் கிளைத்தபோதுதான் ஏறியது. ஒரு மரத்திலும் ஆரஞ்சு இல்லை. போனை எடுத்துப் பார்த்தார், ஒரு கோடு கூட சிக்னல் இல்லை. "ஐயோ, கெட்டது குடி!" என்று வாய்விட்டே சொன்னார். வெயில் சாய ஆரம்பித்திருந்தது. தப்பான பாதையில் போனால் ஆறு மணி என்ன, நாளைக்குக் காலையில்கூடப் போய்ச் சேர முடியாது. சொந்தக் கையால் சைக்கிளை மச்சான் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டோமே என்று அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது வலது பக்கப் பாதையில் ஏதோ மின்னியது. போய்ப் பார்த்தார். கிழித்து உறிஞ்சிவிட்டு எறிந்த வெள்ளிப் பாக்கெட். கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. அதற்கப்பால் ஒரு காகிதக் கைக்குட்டை, வாழைப்பழத் தோல், மறுபடி வெள்ளிப் பாக்கெட். முதுகில் 'இயற்கையை நேசிப்போம்' என்று எழுதிக்கொண்டு போன கனவான்கள், மலை முழுக்க வழி நெடுகக் குப்பையைத் தூவிவிட்டுப் போயிருந்தார்கள். மச்சான் ரிப்பன்களை மட்டும் ஒன்று விடாமல் எண்ணி அவிழ்த்திருந்தார். குப்பை அவர் பொறுப்பில் வராது, அவர் தொடவே இல்லை.

பல்செட்டுக்காரர் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே மிதித்தார். ஒவ்வொரு பிரிவிலும் இறங்கி, இரண்டு பக்கமும் கொஞ்சம் நடந்து, குப்பை இருக்கிற பக்கம் திரும்பினார். அவர்களை நாகரிகமில்லாத ஜென்மங்கள் என்று மனதார ஏசினார், அடுத்த பாக்கெட் கண்ணில் படும்போது நூறு வருஷம் நல்லா இருங்கடா என்று வாழ்த்தினார். தொடை பிடித்தது. விடவில்லை. கடைசி இறக்கத்தில் மைதானம் கண்ணுக்குத் தெரிந்தபோது பிரேக்கைத் தொடாமல் விட்டார். அம்மா என்று கத்தினாரோ என்னவோ, அவருக்கே ஞாபகமில்லை.

கீழே வளைவு நிற்கவில்லை. காற்றை இறக்கிவிட்டிருந்தார்கள். சிவப்பாக, தொளதொளவென்று தரையில் கிடந்தது, ஒரு ஆள் அதன் ஒரு முனையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பல்செட்டுக்காரர் அதன் மேலேயே ஏறிப் போய் நின்றார். சுருட்டிக்கொண்டிருந்தவர், "சார், சார், கிழிஞ்சுடும்!" என்று அலறினார். மைதானம் பாதி காலி. மனைவி எழுந்து நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் மச்சான், கையில் டீயோடு, பேயைப் பார்த்தவர் மாதிரி விழித்தார்.

"நீங்க பாதியிலேயே விட்டுட்டு பஸ் ரோட்டுக்கு இறங்கிப் போயிட்டதா அண்ணன் சொன்னாங்களே?" என்றாள் மனைவி.

பல்செட்டுக்காரர் மச்சானைப் பார்த்தார். ஒரு நிமிஷத்தில் எல்லாம் விளங்கியது. துடைப்பத்தின் ஒரே கடமை கடைசி ஆளைத் தொலைக்காமல் இருப்பது. தனியாக வந்து சேர்ந்த துடைப்பம், கூட்டத்துக்கு முன்னால் வேறு என்ன சொல்லும்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருந்தார். மறைத்த பூசணிக்காய் இப்போது சைக்கிளோடு வந்து எதிரில் நின்றது.

சைக்கிள் கடைக்காரர் ஓடி வந்தார். போனில் மணியைப் பார்த்தார். "ஆறு ஆகலை. நேரம் இருக்கு" என்று தலையைச் சொறிந்தார். "ஆனா துடைப்பம் உள்ள வந்தாச்சே. துடைப்பத்துக்குப் பின்னாடி யாரும் வந்ததா சரித்திரமே இல்லையே சார். ஒண்ணு பண்ணலாம். துடைப்பம் கவனிக்காம உங்களைத் தாண்டி வந்திருந்தா, அது துடைப்பத்தோட தப்பு. உங்க பேரை முடிச்சவங்க கூடச் சேத்துடலாம், மெடலும் தந்துடலாம். நீங்க ஒளிவு மறைவு இல்லாம சொல்லுங்க. என்ன ஆச்சு?"

பல்செட்டுக்காரருக்கு நாக்கு நுனியில் பொய் தயாராக இருந்தது. டயரில் காற்று இறங்கியது, ஓரமாக நின்று ஊதிக்கொண்டிருந்தேன், இவர் பார்க்காமல் போய்விட்டார். அவ்வளவுதான். அவ்வளவு சொன்னால் சைக்கிள் பீரோவுக்குப் பக்கத்திலேயே இருக்கும். மச்சானின் முகத்தில், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, ஒரு கெஞ்சல் தெரிந்தது.

மனைவி கிட்டே வந்தாள். முள் கிழித்த கையைப் பார்த்தாள். காதில் சிக்கியிருந்த இலையைப் பார்த்தாள்.

"என்ன நடந்ததுன்னு வரிசையா சொல்லுங்க" என்றாள், வாரியத்துக் குரலில்.

அவர் வாயைத் திறப்பதற்குள் மச்சான் குறுக்கே வந்தார். "பயப்படாம சொல்லுங்க மாப்பிள்ளை. நான் உங்க பின்னாடி—"

"நீங்க பின்னாடி இருந்ததுதான் நடந்தது!" என்று வெடித்தார் பல்செட்டுக்காரர். மைதானத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். "மத்தியானத்திலேருந்து ப்ச், ப்ச், ப்ச்! கை விறைப்பு, சீட்டு உயரம், மூச்சு தப்பு! ஒரு மனுஷன் தப்பா மூச்சு விடக்கூட உரிமை இல்லையா? தாங்க முடியலை. புதருக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிட்டேன். ஆமா, ஒளிஞ்சுக்கிட்டேன். உங்களை முன்னாடி போகவிட்டுட்டு உக்காந்து ரெண்டு வாழைப்பழம் சாப்பிட்டேன். என் வாழ்க்கையிலேயே நிம்மதியா சாப்பிட்ட பழம் அதுதான்!"

டீக்காரர் கூட ஊற்றுவதை நிறுத்திவிட்டார்.

"ஒளிஞ்சீங்களா?" என்றார் சைக்கிள் கடைக்காரர், வருத்தத்தோடு. "அப்ப ஒண்ணும் பண்றதுக்கில்லை சார். கணக்குல வராது."

மச்சானுக்கு உயிர் திரும்பி வந்தது. டீயை ஓரமாக வைத்தார். "ப்ச்" என்றார். "பாத்தியாம்மா? அவரே ஒத்துக்கிட்டாரு. முடிக்கலை. சொன்ன சொல்லு சொன்னதுதானே? நான் அப்படியே கார் மேல கட்டி எடுத்துட்டுப் போயிடறேன்." பச்சை சைக்கிளின் கைப்பிடியைப் பிடிக்கக் கையை நீட்டினார்.

பல்செட்டுக்காரர் விட்டுவிட்டார். தன் வாயால் கெட்டது. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கைப்பிடியில் மனைவியின் கை முதலில் விழுந்தது. அவள் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. அழுகிறாள் என்றுதான் அவர் நினைத்தார். அவமானத்தில் அழுகிறாள், ஊர் பார்க்க அழுகிறாள் என்று பதறி நிமிர்ந்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். உதட்டை மடித்துக் கடித்து அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, மூக்கின் வழியே சத்தமாக வெடித்து வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, சைக்கிள் எங்க வீட்டுலதான் இருக்கும். நீங்க கார்ல முன்னாடி போங்க."

"நீ எப்படிம்மா வருவே? நான் கூட—"

"முன்னாடி போங்கண்ணா."

மச்சான் தங்கையைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். ப்ச் கூட வரவில்லை. மஞ்சள் சட்டையோடு காரை நோக்கி நடந்தார். இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். கார் கிளம்பி, ரோட்டில் ஏறி, வளைவில் மறைகிறவரை அவள் கைப்பிடியை விடவில்லை.

மறைந்த பிறகு, பக்கத்தில் யாராவது கேட்கிறார்களா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, புருஷன் பக்கம் சாய்ந்து, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"ஏங்க, அந்தப் புதர் எவ்வளவு பெரிசு?"

"ஏன்?"

"ரெண்டு பேர் உக்காரலாமா அதுல?"